எங்கள் சுவரில் இருந்த படைத்தலைவர்கள்

தமிழகத்தை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளில் சுவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. ஊரில் உள்ள வீட்டுக்குத் திண்ணை உண்டு, தெரு உண்டு, அத்தெருவில் நம்மை மூன்று தலைமுறையாக அறிந்த மனிதர் உண்டு. நாம் இன்னார் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை ஒன்றில் வந்து ஒதுங்கியவர்களுக்கோ அதைச் சொல்லச் சுவரை விட்டால் வேறு நாதியில்லை. திருச்செந்தூர் முருகன் இருப்பார், காந்தியடிகள் இருப்பார், ஊரில் காலமான பெரியவரின் நிழற்படம் சந்தனப் பொட்டுடன் இருக்கும். இவர்களுக்கு நடுவே, ஏன் வந்தார், எப்போது வந்தார் என்று யாரும் கேளாத வண்ணம், வாளேந்திய ஒருவரோ சீருடை அணிந்த ஒருவரோ இடம் பிடித்திருப்பார். அவரைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம்.

எங்கள் தந்தையார் கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1955ஆம் ஆண்டில் பம்பாய்க்கு ரயிலேறினார். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலை. மாட்டுங்காவுக்குச் சற்றுத் தள்ளி, சால் என்று இந்நகரத்தார் சொல்லும் வரிசைக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும். அறைக்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான தாழ்வாரம். நாங்கள் மூவரும் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். மூவரில் ஒருவர் எழுதினாலும் மூவர் நினைவும் ஒன்றாகக் கலந்துவிட்டபடியால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

அந்த அறைக்குள் முதலில் வந்த படைத்தலைவர் நேதாஜி. அவரைக் கொண்டுவந்தவர் எங்கள் சித்தப்பா. 1943ஆம் ஆண்டு சூலை மாதம் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, சித்தப்பா மலேயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்திராத தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். பால்வெட்டும் பெண்கள்கூட டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். சித்தப்பாவும் சேர்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவர் கையில் பதக்கமும் இல்லை, பணமும் இல்லை. காலில் மட்டும் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீது வழக்கு விசாரணை தொடங்கியதும், நாடெங்கும் நேதாஜி படங்கள் அச்சாகி வீதிக்கு வந்தன. ஊர் திரும்பிய சித்தப்பா அவற்றுள் ஒன்றை வாங்கினார். பழுப்புச் சீருடை, தலையில் தொப்பி, நெற்றியருகே உயர்ந்த வலக்கை.

வேட்டியும் சால்வையுமாக நிற்கும் போஸ் படம் கடைகளில் கிடைத்தது. மலிவாகவும் கிடைத்தது. சித்தப்பா அதைத் தொடவில்லை. “நான் பார்த்தது இவரைத்தான்” என்று சீருடைப் படத்தையே சட்டமிட்டு, வேலை தேடிப் பம்பாய் வந்தபோது பெட்டிக்குள் வேட்டிகளுக்கு நடுவே வைத்து எடுத்து வந்தார். கல்யாணில் அவருக்கு வேலை கிடைத்துத் தனியே போனபோதும் படத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனார். அவருடைய அறையில் நான்கு பேர் தங்கியிருந்தார்கள், சுவர் பொது. ஞாயிறுதோறும் வருவார். வந்ததும் படத்தின் கண்ணாடியைத் துண்டால் ஒரு துடைப்பு. அதன் பிறகே காப்பி.

இரண்டாவது படைத்தலைவர் வந்த விதம் வேறு. அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

1960களின் பிற்பகுதியில் பம்பாயில், தெற்கிலிருந்து வந்தோர் மண்ணின் மைந்தர்தம் வேலைகளை அபகரித்துக்கொண்டார்கள் என்ற கிளர்ச்சி மூண்டது. அப்போது இந்நகரில் இருந்த குடும்பங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ரயிலில் தமிழில் பேசிக்கொண்டு வந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். கடைகளின் பெயர்ப்பலகைகள் ஓரிரவில் எழுத்து மாறின. 1969 பிப்ரவரியில் எல்லைப் பிரச்சினையை ஒட்டி நகரில் பெருங்கலவரம் நடந்தது. தென்னாட்டார் நடத்திய உணவகங்கள் பலவற்றில் கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த லட்சுமிக்குப் பக்கத்தில் குதிரைமேல் அமர்ந்த சத்ரபதி சிவாஜி தோன்றியது அந்நாட்களில்தான். பக்தியால் மாட்டியவர்களும் இருந்தார்கள். கண்ணாடி உடையாமல் இருக்கட்டும் என்று மாட்டியவர்களும் இருந்தார்கள். யார் எதற்காக என்று பிரித்துப் பார்க்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஏனெனில் அந்த பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, எங்கள் தந்தையாரும் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே திரும்பினார். கையில் செய்தித்தாளில் சுற்றிய சட்டமிட்ட படம் ஒன்று.

படத்தைப் பிரித்தார். இருபது அங்குல உயரம், பதினான்கு அங்குல அகலம்; அந்நாளில் படக்கடைகளில் பெரிதும் விற்ற அளவு. வெண்குதிரை, செம்மஞ்சள் தலைப்பாகை, அதில் முத்துத் தொங்கல், கூரிய நாசி, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, பின்னால் மலை மேல் கோட்டை. தந்தையார் ஒரு சொல்லும் பேசாமல் ஆணியும் சுத்தியலும் எடுத்தார். தாழ்வாரத்தில் நடப்பவர் கண்ணில் சன்னல் வழியே படக்கூடிய சுவர் எங்கள் அறையில் ஒன்றே ஒன்றுதான். அதில் அடித்து மாட்டினார். அந்தச் சுவரை ஒட்டிக் கீழே எங்கள் செருப்புகளை அடுக்கும் பலகை இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் கண்கள் சன்னலை மட்டுமே பார்த்தன.

மறுநாள் ஞாயிறு. பேருந்துகள் சரியாக ஓடவில்லை. எப்படியோ சித்தப்பா வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார்; சன்னலைப் பார்த்தார். அவர் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

“அண்ணே, நான் மாட்டினது நான் பின்னால நடந்து போன ஆளோட படம். நீங்க மாட்டினது யாருக்காக?”

“பிள்ளைகளுக்காக” என்றார் தந்தையார்.

“பிள்ளைகளுக்கு அவர் யாருன்னு தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?”

தந்தையார் பதில் சொல்லவில்லை. அம்மா காப்பித் தம்ளரைச் சற்று ஓசையுடன் கீழே வைத்தார். பேச்சு அத்துடன் நின்றது. பெரியவர்கள் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் காப்பி குடித்ததை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று மாலையே, அடுத்த அறை ஆஜோபா எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஆஜோபா என்றால் மராத்தியில் தாத்தா. சாத்தாரா மாவட்டத்துக்காரர், கிரணி எனப்படும் பஞ்சாலையில் நெசவுப் பகுதியில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். தறிகளின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. ஆகவே எப்போதும் உரக்கவே பேசுவார். அன்று அவர் உரக்கப் பேசவில்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் படத்தின் முன் நின்றார். பிறகு குனிந்து, பலகையில் இருந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தார். தந்தையாரின் முகத்தில் ரத்தமே இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல என்பதை எந்த மொழியில் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார் போலும்.

“அண்ணா, மகாராஜாவை இங்கேயா வைப்பது?” என்று ஆஜோபா கேட்டார்.

தந்தையார் தமக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், வேறு இடம் இல்லை என்றார்.

“உங்கள் தகப்பனார் பக்கத்தில் இடம் இருக்கிறதே” என்று அவர் எதிர்ச்சுவரில் இருந்த எங்கள் தாத்தாவின் நிழற்படத்தைக் காட்டினார். அந்தச் சுவர் சன்னலிலிருந்து தெரியாது. தந்தையார் தயங்கினார். அந்தத் தயக்கத்தின் பொருள் ஆஜோபாவுக்கு விளங்கிவிட்டது.

“யாருக்குத் தெரியட்டும் என்று மாட்டினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அவர்கள் சன்னலோடு போய்விடுகிறவர்கள். நான் தினமும் உள்ளே வருகிறவன்.”

அவரே படத்தைக் கழற்றினார். அம்மா ஈரத்துணி கொடுத்தார். தாத்தாவுக்கு வலப்புறம் ஆணியடித்து, படம் சாய்ந்திருக்கிறதா என்று எங்களில் மூத்தவரைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லி, நேராக்கி மாட்டிவிட்டுப் போனார். அன்றிரவு தம் கயிற்றுக் கட்டிலை எடுத்து வந்து, தாழ்வாரத்தில் எங்கள் கதவை அடைத்தாற்போல் போட்டுக்கொண்டு படுத்தார். உள்ளே வெக்கையாக இருக்கிறது என்றார். பிப்ரவரி மாதத்துப் பம்பாயில் இரவில் ஏது வெக்கை? தொடர்ந்து ஐந்து இரவுகள் அவருக்கு அந்த வெக்கை இருந்தது. தெருமுனை வரையில் கூச்சல் வந்தது. எங்கள் படிக்கட்டு ஏறவில்லை.

அம்மா தஞ்சாவூர்க்காரர். படம் வந்த அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், படத்துக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு ஆயிற்று என்ற மனக்கணக்கு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். சில நாள் கழித்து ஆஜோபாவின் மனைவி வந்து உட்கார்ந்தபோது, அம்மா மெல்ல ஆரம்பித்தார். தஞ்சாவூரில் அவர் பிறந்த தெருவில் மராத்தி பேசும் குடும்பங்கள் இருந்தன. சிறு வயதில் அவர்களோடு விளையாடிப் பழகிய சில சொற்கள் அவர் நாவில் ஒட்டியிருந்தன. அந்தப் பழஞ்சொற்களைக் கேட்ட ஆஜி, எங்கள் பாட்டியின் பாட்டி பேசியது போல இருக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உங்கள் மகாராஜாவின் தம்பிதான் எங்கள் ஊரில் ஆண்டவர் என்று அம்மா சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஜோபா அழைத்துவரப்பட்டார். அவருக்காக அம்மா இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

உண்மைதான். சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி ஏகோஜி, பீஜாப்பூர்ச் சுல்தானின் படைத்தலைவராகத் தெற்கே வந்து 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையைத் தமதாக்கிக்கொண்டார். அவர் வழியினர் 1855 வரை அங்கிருந்தார்கள். சரபோஜி மன்னர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தை அறியாத தமிழர் இல்லை. பெரிய கோயிலின் சுவரில் போன்சலே மரபின் வரலாறு மராத்தி மொழியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருப்பதையும் கோயிலுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பார்கள். 1677இல் சிவாஜியே தெற்கு நோக்கிப் பெரும்படையுடன் வந்தார். செஞ்சியைப் பிடித்தார். கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். தந்தையின் சொத்தில் பங்கு கேட்டார் அண்ணன். கொடுக்க மனமில்லை தம்பிக்கு. சந்திப்பு கசப்பில் முடிந்தது. இந்தச் செய்தியைக் கேட்டபோது ஆஜோபா, “அங்கேயும் அண்ணன் தம்பி வழக்குதானா!” என்று சொல்லி வெகு நேரம் சிரித்தார். அவருக்கும் ஊரில் ஒரு நில வழக்கு நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவையும் எங்கள் தந்தையார் அறிந்திருக்கவில்லை. அதன் பிறகே மாட்டுங்காவில் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துப் படிக்கலானார். சுவரில் மாட்டிய பிறகு அவர் யார் என்று தேடியது தலைகீழான முறைதான். ஆனால் நம் வீடுகளில் உள்ள வீரர் படங்களுள் பாதி இப்படித்தான் வந்திருக்கும் என்பது எங்கள் ஐயம்.

ஊரிலிருந்து வந்த அத்தை ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எந்தப் படத்துல வர்ற சிவாஜி?” என்று கேட்டது எங்கள் வீட்டில் நெடுநாள் சொல்லிச் சிரித்த செய்தி. அத்தையின் கேள்வியில் தவறும் அதிகமில்லை. அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய பெயர்தானே அது? அந்தச் சிவாஜி கணேசன் 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மனாகத் திரையில் தோன்றினார். கட்டபொம்மனை அவர் வாழ்ந்த காலத்தில் நேரே பார்த்து எழுதிய ஓவியம் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டவர்கள் அவர் முகத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆகவே இன்று நாள்காட்டிகளில் நாம் காணும் கட்டபொம்மன் முகம் எங்கள் கண்ணுக்குக் கணேசனின் முகமாகவே தெரிகிறது. மராட்டிய வீரர் பெயரைத் தாங்கிய நடிகர் ஒருவர் நம் வீரருக்கு முகம் கொடுத்திருக்கிறார்! எங்கள் தந்தையார் இதைச் சொல்லும்போதெல்லாம், நாட்டு ஒற்றுமைக்கு இதைவிடச் சொற்பொழிவு தேவையில்லை என்பார்.

சத்ரபதியின் நிலை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியளவில் தக்காணத்தில் எழுதப்பட்ட சிற்றோவியங்கள் உள்ளன. ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோனதால் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் அருங்காட்சியகங்களில் அவை தப்பிப் பிழைத்தன. ஆனால் அந்தச் சிற்றோவியத்திலிருந்து ஏழையின் சுவருக்கு வரும் வழி நெடியது. 1878இல் புனேயில் தொடங்கிய சித்திரசாலை அச்சகம் நானா பட்னவிசு போன்ற மராட்டியத் தலைவர்களின் உருவங்களைக் கல்லச்சில் அடித்து விற்றது. 1894இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். பின்னர் அது லோனாவாலாவுக்கு அருகில் மளவலிக்கு மாறியது. பவேரியாவிலிருந்து கப்பலில் வந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் நெய்ப்பசையுள்ள மையால் வரைவார்கள். நீர் தடவினால் கோடு இல்லாத இடம் நீரை ஏற்கும், கோடு மையை ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரே தாள் பல கற்களின்மேல் அடுத்தடுத்துப் படிய வேண்டும். மயிரிழை நகர்ந்தால் மன்னரின் உதடு மீசைக்கு ஏறிவிடும். அப்படி ஏறியவையும் விற்றன.

எங்கள் வீட்டுப் படத்தின் கதை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரு பொங்கலுக்கு முன்பு சுவரைச் சுத்தம் செய்தபோது, சட்டத்தின் கீழ் விளிம்பு தளர்ந்து படம் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அதுவரை மரம் மறைத்திருந்த ஒரு வரி வெளியே தெரிந்தது. எங்களில் கடைக்குட்டி ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்தாள்: சி-வ-கா-சி. தந்தையார் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்தது. அச்சகம் வந்தபின் நாள்காட்டி வந்தது. நாள்காட்டி நாடெங்கும் போயிற்று. பக்கத்துக் கோவில்பட்டியில் நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜுவும் அவர் மாணாக்கர்களும் அந்த அச்சகங்களுக்குத் தெய்வங்களை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் படத்தில் ஓவியர் கையொப்பம் இல்லை. எழுதியவர் கோட்டையைக் கண்டிருப்பாரோ என்னவோ. பின்னணியில் இருந்த மலை எங்கள் தந்தையாருக்குக் கழுகுமலையாகவே தெரிந்தது.

பம்பாயில் பம்பாய்க்காரருக்கு அஞ்சி வாங்கிய படம் நம்மூரில் அச்சடித்தது என்று தெரிந்ததும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. “இவரும் நம்ம மாதிரிதான் ரயிலேறி வந்திருக்கார்” என்று மட்டும் சொல்லி, கீழ்விளிம்பை அப்படியே விட்டுவிடச் சொன்னார். தச்சரிடம் கொடுத்து இறுக்க வேண்டாம் என்றார்.

1974ஆம் ஆண்டு சிவாஜி முடிசூடி முந்நூறு ஆண்டு நிறைந்தது. மாநிலமெங்கும் விழா, வீதிதோறும் படங்கள். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் தந்தையார் எங்களைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றார். திண்டிவனத்தில் இறங்கி, பேருந்து பிடித்து, நடுப்பகல் வெயிலில் ராஜகிரிக் கோட்டையின் படிகளில் ஏறினோம். அம்மா பாதியிலேயே ஒரு வேப்ப மர நிழலில் அமர்ந்துவிட்டார். மேலே சென்றதும் தந்தையார், சிவாஜி இக்கோட்டையைப் பிடித்ததையும் மதில்களை வலுப்படுத்தியதையும், அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குள் மகாராட்டிரம் முகலாயர் கையில் சிக்கித் தவித்தபோது அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்ததையும் சொன்னார். ஏறத்தாழ எட்டாண்டுகள் முகலாயப் படை வளைத்துக் கிடந்த கோட்டை 1698இல்தான் வீழ்ந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

“சொந்த ஊர்ல இருக்க முடியாம இங்க வந்து எட்டு வருஷம் இருந்திருக்கான்” என்றார் தந்தையார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று நாங்கள் அன்று கேட்கவில்லை. வெயிலும் தாகமும் எங்களுக்குப் பெரிதாக இருந்தன. 2025 சூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராட்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாகச் செஞ்சி சேர்ந்த செய்தியைப் படித்ததும், அதைச் சொல்ல அவர் இல்லையே என்று மூவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம்.

ஆஜோபா 1970களின் இறுதியில் காலமானார். 1982 சனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தம் அவர் மகனின் வேலையை விழுங்கிவிட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் அறையைக் கொடுத்துவிட்டுச் சாத்தாராவுக்குப் போனார்கள். வந்தவர்கள் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்று நாங்கள் குற்றம் கேட்ட நகரத்தில், மண்ணின் மைந்தர் ஒருவர் குடும்பத்தோடு பெட்டி கட்டியதை, அதே தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். தந்தையார் அன்று அலுவலகம் போகவில்லை. கயிற்றுக் கட்டிலை அவரும் சித்தப்பாவுமாகத் தூக்கிப் போய் லாரியில் ஏற்றினார்கள். அந்தக் கட்டிலைப் பற்றிச் சித்தப்பா முன்பே கேட்டறிந்திருந்தார். சத்ரபதி படத்தைப் பற்றி அவர் அண்ணனிடம் பிறகு ஒருபோதும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பில் இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்துவிட்டன.

தந்தையார் அந்தப் படத்தை எப்போதிலிருந்து அச்சமின்றிப் பார்த்தார் என்பது எங்களுக்குள் இன்றும் தீராத வழக்கு. கட்டில் போட்ட இரவிலிருந்து என்கிறார் மூத்தவர். சிவகாசி என்ற சொல் தெரிந்த நாளிலிருந்து என்கிறாள் கடைக்குட்டி. நடுவிலவருக்கோ, அவர் கடைசி வரை சற்று அஞ்சியே இருந்தார் என்று எண்ணம். 1992, 93ஆம் ஆண்டுகளில் நகரம் மறுபடியும் எரிந்தபோது, குறிவைக்கப்பட்டவர்கள் நாமல்லர் என்று தெரிந்திருந்தும், அவர் பலமுறை எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்ததை அவர் கண்டிருக்கிறார்.

சால் இடிக்கப்பட்டு அதே மனையில் உயர்ந்த கட்டடம் எழும்பி, சென்ற ஆண்டு எங்களுக்குரிய வீடு கைக்கு வந்தது. சாமான்களைப் பங்கிட்டுக்கொண்டோம். நேதாஜி டில்லியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். சத்ரபதி இங்கேயே தங்கினார். படம் பழுத்துவிட்டது. வெயில் பட்டால் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறும், நீலம் மட்டும் நிற்கும் என்று சட்டமிடுபவர் சொன்னார். குதிரை இப்போது சற்றே நீலக்குதிரை. பின்னால் வைத்திருந்த மட்ட அட்டைதான் தாளைப் பழுக்க வைத்தது என்று அதை எடுத்து எறிந்துவிட்டு, நல்ல அட்டை வைத்துக் கொடுத்தார். கீழ்விளிம்பில் அந்த வரி தெரியும்படி சட்டம் அமைய வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, அச்சகத்தின் பெயரை யாராவது காட்டுவார்களா என்று வியந்தார்.

பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் படம் போதவில்லை. புதுக் கூடத்தின் சுவர் பெரிது. துணியில் அச்சடித்த ஆறடிப் படம் ஒன்றைக் கடையில் பார்த்து வந்திருக்கிறார்கள். நாங்களும் போய்ப் பார்த்தோம். திரண்ட தோள், சினந்த கண், பின்னால் புயல், காவி வானம். இப்போது வரும் வீரர் படங்கள் எல்லாமே கோபமாக இருக்கின்றன. நேதாஜியும் அப்படித்தான், கட்டபொம்மனும் அப்படித்தான். யார்மேல் அவ்வளவு கோபம்? பழைய கல்லச்சுக்காரர்களும் சிவகாசி ஓவியர்களும் எழுதிய முகத்தில் ஓர் அமைதி இருந்தது. குடும்பம் நடத்துபவர்கள் இருக்கும் அறைக்குள் வருகிறோம் என்ற நினைப்பு அந்த முகத்துக்கு இருந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னோம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டார்களா என்று தெரியவில்லை. பெரிய படம் இப்போதைக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.

பழைய படத்தைத் தந்தையாரின் நிழற்படத்துக்கு வலப்புறம், அளவெடுத்து மாட்டியாயிற்று. மருமகள்தான் தள்ளி நின்று பார்த்து, இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது என்றாள், நேராக்கினோம். பிறகு கீழே பார்த்தாள். கட்டடக்காரர் வாசலை ஒட்டி அழகாகச் செய்து கொடுத்திருந்த செருப்பு அலமாரி சரியாக அந்தச் சுவரில்தான் இருந்தது. தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். வரும் ஞாயிறு வந்து நகர்த்தித் தருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் எல்லாருடைய செருப்புகளும் வெளியே, படிக்கட்டருகில் கிடக்கின்றன.